சீம்பால்

எங்கள் வீட்டில் பூனைக்குட்டிகள் செத்துக்கொண்டிருந்த மாதங்களில் தெருவில் யாரும் எங்களிடம் நேராக எதையும் கேட்கவில்லை. தென்காசியில் அதுதான் மரியாதை. நேராகக் கேட்டால் பதில் கிடைத்துவிடும், அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அடுத்த வீட்டு ஆனந்தவள்ளி மட்டும் குப்பைக் கூடையோடு வாசலில் நின்று, "அண்ணாச்சி, இந்தத் தடவையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். உச் கொட்டிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பூனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சத்யபிரியா கொச்சியில் வேலை பார்த்தபோது வாங்கி வளர்த்தது. பெர்சியன் கலப்பு. வெள்ளை நிறம், நீளமான முடி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அமுக்கம். கல்யாணம் ஆன பிறகுதான் மாப்பிள்ளைக்குப் பூனை முடி பட்டால் தும்மல் வருகிறது என்று தெரிந்தது. மாப்பிள்ளையை மாற்ற முடியாது என்பதால் பூனை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் பெயர் ஏஞ்சல். நான் பூனை என்றுதான் கூப்பிடுவேன். எப்படிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது.

என் பெயர் சுந்தரபாண்டி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். என் மனைவி உலகம்மாள் கிராம சுகாதார நர்ஸாக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனாள். பண்பொழி, அச்சன்புதூர் பக்கத்தில் அவளுடைய ஸ்கூட்டி நுழையாத சந்து கிடையாது. உத்தியோக காலம் முழுக்க அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் சண்டை போட்டாள் என்று சொல்லலாம். பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் வாயில் சீம்பால் போக வேண்டும். வேறு எதுவும் போகக் கூடாது.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல குணசாலி என்று பெயர் எடுத்த சொந்தக்காரர் ஒருவர் சீனித் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. உலகம்மாள் கண்ணில் அது கொலை முயற்சி.

லாட்ஜில் சமையல் செய்யும் வள்ளித்தாய் ஒரு தடவை அவளிடம் மாட்டினாள். தன் தம்பிக்குப் பிள்ளை பிறந்தபோது, சேனை வைப்பதற்காக ராணுவத்தில் சுபேதாராக இருக்கும் மூத்த அண்ணனை லீவு போடவைத்து வரவழைத்திருந்தாள். அவர் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தில் விரலை விடும் நேரத்தில் உலகம்மாள் உள்ளே நுழைந்தாள். பாலாடையை வாங்கி, சீனித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, சுபேதாரைப் பார்த்து, "நீங்க போய் எல்லையைப் பாருங்க, இதை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வள்ளித்தாய்க்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. லாட்ஜில் எனக்கு வரும் சாம்பாரில் உப்பு கூடியது. அந்தப் பிள்ளை இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். சாம்பார் அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவு சண்டைக்காரியை ஊர் ஏன் பொறுத்துக்கொண்டது என்றால், அவளுக்குக் கைராசி. அவள் முதலில் கையில் வாங்கிய பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளரும் என்று ஒரு பேச்சு. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும் லேபர் வார்டு வாசலில் இவளை நிறுத்திவைத்து, பிள்ளையை முதலில் இவள் கையில் வாங்கச் சொல்வார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்பாள். ஆனால் கூப்பிட்டுப் போகாமல் இருந்ததில்லை. கூப்பிடாவிட்டால் அந்த வீட்டு விசேஷத்துக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்புவாள்.

பூனை எங்கள் தெருவில் ரௌடியாகத் திரிந்த ஒரு செவலைக் கடுவன் பூனையோடு சிநேகமானது. முதல் ஈற்றில் மூன்று குட்டி. மூன்றும் கொழுகொழுவென்று பிறந்தன. உலகம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் துடைத்து, உடனுக்குடன் தாயின் காம்பில் கொண்டுபோய்ப் பொருத்தினாள். நன்றாகக் குடித்தன. மறுநாள் குடிப்பதை நிறுத்தின. குட்டிகளின் மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. துடைத்தது நான் என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின.

குளிர் தாங்கவில்லை என்று நினைத்தோம். இரண்டாவது ஈற்றுக்கு உலகம்மாள் பெட்டியில் கம்பளி விரித்து, மேலே பல்பு கட்டினாள். இந்தத் தடவை இன்னும் கவனமாக இருந்தாள். அதாவது சீம்பாலை இன்னும் சீக்கிரமாகக் கொடுத்தாள். அரைகுறையாகக் குடித்துவிட்டு நழுவிய குட்டியை விடாமல் பிடித்து மறுபடியும் காம்பில் வைத்தாள். நான்கு குட்டி. நான்கும் போயின.

ஆனந்தவள்ளியின் மருமகளுக்கு அப்போது நிறைமாதம். பிள்ளையை நீங்கள்தான் வாங்க வேண்டும் என்று உலகம்மாளிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு லட்டு வந்தது. லட்டு மட்டும்தான் வந்தது. பிள்ளை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆனந்தவள்ளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவளோட சேந்து கைராசியும் ரிட்டயர் ஆயிட்டுல்லா" என்றாள். நான் லட்டு தின்றுகொண்டிருந்தேன். உலகம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். துணியை மடித்து முடித்துவிட்டு, மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தாள். அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டுப் பிள்ளையையும் அவள் தூக்கி நான் பார்க்கவில்லை. தாய்மார்கள் நீட்டினாலும், "கையில சோப்பு" என்பாள். எந்நேரமும் அவள் கையில் சோப்பு இருந்தது.

சத்யபிரியாவுக்குச் செங்கோட்டையில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் உலகம்மாள் சாதாரணமாகச் சொன்னாள். "லேபர் வார்டு வாசல்ல உங்க அத்தை நிக்கட்டும் பிரியா. பிள்ளையை அவங்களே வாங்கட்டும். நான் வீட்ல இருந்து பத்தியச் சாப்பாட்டைப் பாத்துக்கிடுதேன்."

"என்னம்மா சொல்லுத? நீ வரமாட்டியா?"

"என் கையால வேண்டாம்."

சத்யபிரியா அழுதாள். "கோட்டி பிடிச்ச மாதிரி பேசாத" என்று நான் கத்தினேன். உலகம்மாள் ரசத்தை எடுத்து ஊற்றினாள். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஊரார் சொல்வதை இவள் நம்பியிருந்தால் கூடத் திட்டித் திருத்தலாம். இவள் தானாகவே கணக்குப் போட்டு அந்த முடிவுக்கு வந்திருந்தாள். பெற்ற மகளின் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று ஒருத்தி ரசம் ஊற்றுகிறாள் என்றால் அவளிடம் என்ன பேசுவது?

பூனை மூன்றாவது முறையாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு எந்தக் கவலையும் இல்லை. நான்தான் டாக்டர் அலிமாவிடம் போனேன். அவர் ஊரில் புதிதாக ஆஸ்பத்திரி போட்டிருந்த மாட்டு டாக்டர். மாட்டு டாக்டர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் வாசலில் எப்போதும் ஆடும் கோழியும் நிற்கும்.

நான் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "செத்துப்போன குட்டிங்களுக்கு யூரின் என்ன கலர்ல போச்சு சார்?"

"கட்டன் சாயா."

அவர் பேனாவை மூடினார். பூனையைக் கொண்டுவரச் சொன்னார். ரத்தம் பார்ப்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு டெஸ்ட் அட்டை வரவழைக்க வேண்டும் என்றார். அட்டை வந்ததும் பூனையோடு போனோம். உலகம்மாளும் வந்தாள். என்னோடு தனியாகப் பூனை கூடைக்குள் ஏறாது. பூனையின் ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்து அட்டையில் இருந்த வட்டங்களில் கலக்கினார். ஒரு வட்டத்தில் ரத்தம் ரத்தமாகவே இருந்தது. இன்னொன்றில் திரிந்த பால் போலத் திரிதிரியாகத் திரண்டது.

"பி குரூப்" என்றார்.

பூனைக்கும் ரத்தத்தில் குரூப் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏ, பி, அபூர்வமாக ஏபி. மனிதர்களுடைய ஏ, பி வேறு, இது வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. ஊர்ப்பூனைகள் பெரும்பாலும் ஏ. பெர்சியன் மாதிரி சில இனங்களில் பி கொஞ்சம் கூடுதலாகத் தட்டுப்படும். பி பூனையின் ரத்தத்தில் ஏ ரத்தத்தை அழிக்கிற எதிர்ப்புச் சத்து தானாகவே பலமாக ஊறிக் கிடக்கும். "நாளைக்கு இது ரோட்ல அடிபட்டு வந்தா, அவசரத்துக்கு ஏதோ ஒரு பூனை ரத்தத்தை ஏத்திரக் கூடாது. முதல் தடவையே உயிர் போயிரும். மனுஷங்கள்ல எல்லாருக்கும் குடுக்கக்கூடிய ஓ குரூப் இருக்குல்லா, பூனைல அப்படி ஒரு தர்மவான் கிடையாது" என்றார்.

"குட்டிங்க?" என்றாள் உலகம்மாள்.

"தாய் பி, தகப்பன் ஏ. குட்டிங்க ஏ குரூப்பாப் பிறக்கும். வயித்துக்குள்ள இருக்க வரைக்கும் ஒண்ணுமில்ல."

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு விளங்குவதற்கு முன்னால் அவளுக்கு விளங்கிவிட்டது. நெகட்டிவ் குரூப் தாய்மாரைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் அவள். "நெகட்டிவ் தாய்க்குப் போடுத மாதிரி இதுக்கு ஊசி உண்டா?" என்றாள்.

"இல்ல மேடம். இது பால் வழியா வருது. அந்த எதிர்ப்புச் சத்து முதல் நாள் பால்ல இறங்கும். குட்டியோட குடலும் முதல் நாள் அதை அப்படியே ரத்தத்துக்குள்ள விட்டுரும். ஒரு நாள் போனா குடல் அடைச்சுக்கிடும், அப்புறம் தாராளமாக் குடிக்கலாம். அதனால பிறந்த உடனே குட்டியைத் தாய்ட்ட இருந்து பிரிச்சிரணும். சீம்பால் மட்டும் உள்ள போகக் கூடாது."

"சீம்பாலா?"

"ஆமா மேடம்."

"சீம்பால் குடுக்கக் கூடாது."

"இந்தப் பூனைக்கு மட்டும்."

உலகம்மாள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் பூனையைக் கூடையில் அடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, ஆட்டுக்காரர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆடு அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"நழுவுன குட்டியைத் திருப்பித் திருப்பி எடுத்து வச்சேன்" என்றாள். "அதுக்கு வேண்டாம்னு இருந்திருக்கு. நான் விடல."

காரணம் தெரிந்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்துத்தான் நான் டாக்டரிடம் போனேன். நடந்தது வேறு. ஊரில் கிளம்பிய புரளிக்கு இப்போது லேப் ரிப்போர்ட் கிடைத்துவிட்டது. குற்றவாளி அவள் கைதான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். "குரூப்தான் காரணம், நீ என்ன செய்வ?" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குட்டிகளுக்கு முதல் நாள் பால் கொடுக்க வேறொரு தாய்ப்பூனை கிடைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ஏ குரூப்பாக இருக்க வேண்டும். எங்கள் லாட்ஜ் சமையல்கட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சாம்பல் பூனை குட்டி போட்டிருந்தது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்து, ஏ என்று சொல்லிவிட்டார். இனி வள்ளித்தாயிடம் கேட்க வேண்டும். பூனை லாட்ஜுக்குச் சொந்தம். ஆனால் அதற்கு மீன் தலை போடுகிறவள் வள்ளித்தாய்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பூரி தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிறந்த பிள்ளைக்குப் பெத்தவ பாலைத் தவிர வேற எதுவும் குடுக்கப்பிடாதுன்னுல்லா உங்க வீட்டம்மா சொல்லுவாக?"

"பூனைக்கு அது பொருந்தாதாம்."

"ஓகோ."

இரண்டு பூரி எண்ணெயில் உப்பின.

"எல்லாப் பூனைக்குமா, உங்க வீட்டுப் பூனைக்கு மட்டுமா?"

"எங்க வீட்டுப் பூனைக்கு மட்டும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்புறம், "கொண்டாங்க அண்ணாச்சி. குட்டி என்ன பாவம் செஞ்சுது" என்றாள்.

பூனைக்கு வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சீசன் உச்சத்தில் இருந்தது. ராத்திரி பெய்த மழையில் மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க முடியாத கூட்டம் எல்லாம் ரோட்டில் நின்றது. சத்யபிரியாவை மாப்பிள்ளை செக்கப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். வீட்டில் நானும் உலகம்மாளும்தான்.

அவள் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கையுறை மாட்டி உட்கார்ந்தது நான். என் கைகள் சாவிக்கொத்தும் ரசீதுப் புத்தகமும் பிடித்துப் பழகியவை. "மூக்கைத் துடைங்க. அப்படி இல்ல, வாயையும் சேத்து. கொடியில நூலை ரொம்ப இறுக்காதீங்க. தலையைத் தாங்கிப் பிடிங்க" என்று வாசலில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய விரல்கள் சேலை நுனியில் இல்லாத நூலைக் கட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குட்டியும் விழுந்ததும் தாய் நக்குவதற்கு விட்டு, காம்பைத் தேடும் முன் எடுத்து, வெந்நீர் பாட்டில் வைத்த கூடையில் போட்டேன். பூனை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முயற்சி செய்து வருகிறேன்.

ஸ்கேனில் நான்கு என்று சொல்லியிருந்தார்கள். நான்கும் வந்துவிட்டன. கூடையை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. லாட்ஜில் போனை ரிசப்ஷனில் வைத்துவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனேன். வள்ளித்தாய் ஏற்பாடு பண்ணிவைத்திருந்தாள். சாம்பல் பூனையின் குட்டிகள் படுத்திருந்த துணியால் என் குட்டிகளை ஒரு துடை துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். சாம்பல் பூனை மோந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. நக்க ஆரம்பித்தது. எனக்கு ஒரு டீ கிடைத்தது.

டீயைக் குடித்து முடிக்கும் முன்னால் சமையல்கட்டு வாசலில் உலகம்மாள் நின்றாள். தலை நனைந்திருந்தது. வலது கை முந்தானைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தது.

"அஞ்சாவதா ஒண்ணு" என்றாள்.

கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு குட்டி. கையுறை இல்லை.

"நீங்க போன உடனே வந்துட்டு. உங்களுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. அடுத்த வீட்ல கூப்பிட்டேன், பூட்டிக் கிடந்துது. என் கண் முன்னால காம்பைத் தேடிப் போய்ப் பிடிச்சு, குடிச்சிட்டு. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். யாராவது வந்து எடுக்க மாட்டாங்களான்னு நின்னேன்." மூச்சு வாங்கினாள். "அப்புறந்தான் எடுத்தேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சாம்பல் பூனையின் மடியில் ஏற்கெனவே நெரிசல். இந்தக் குட்டிக்கு இடம் இல்லை. இடம் இருந்தாலும் முட்டி மோதிக் குடிக்க இதற்குத் தெம்பு இல்லை. டாக்டர் கொடுத்த பால் பவுடர் என் பையில் இருந்தது. வள்ளித்தாய் எதுவும் கேட்காமல் அதை வாங்கி, வெந்நீரில் கரைத்துக்கொண்டு வந்தாள். பாலாடையில்தான் கொண்டுவந்தாள்.

உலகம்மாள் பாலாடையைப் பார்த்தாள். வள்ளித்தாய் உலகம்மாளைப் பார்த்தாள். நான் அரிசி மூட்டையைப் பார்த்தேன்.

"இங்க் ஃபில்லர் இருந்தா நல்லது" என்றாள் உலகம்மாள்.

"இங்கன ஏது? சொட்டுச் சொட்டா விடுதேன். நீங்க பிடிங்க."

உலகம்மாள் தரையில் உட்கார்ந்து குட்டியைக் குப்புறப் படுக்கவைத்தாற்போல் பிடித்துக்கொண்டு, விரலால் தாடையைத் தாங்கினாள். வள்ளித்தாய் ஊற்றினாள். குட்டி நாக்கை நீட்டியது.

"அன்னைக்கு உங்க அண்ணன் முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள் உலகம்மாள், தலையை நிமிர்த்தாமல். "ஆனா சீனித்தண்ணி தப்புத்தான்."

"சரி நர்ஸம்மா. மூக்கைப் பாருங்க, ஏறிரப் போகுது."

அன்று முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி அந்தக் குட்டிக்கு ஊட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சமையல் தாமதமானது. கஸ்டமர்கள் என்னிடம் சத்தம் போட்டார்கள். உடம்பு சரியில்லாத ஒரு சொந்தக்காரர் உள்ளே இருப்பதாகச் சொன்னேன்.

மறுநாள் டாக்டர் சொன்னபடி ஐந்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தாயிடம் விட்டோம். பூனை எதுவும் நடக்காத மாதிரி மல்லாந்து படுத்தது. நான்கு குட்டிகள் முண்டியடித்துக் குடித்தன. ஐந்தாவது குடிக்கவில்லை. நான் அதன் அடியில் வெள்ளைத் துணி போட்டேன். அதில் பட்ட ஈரத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, துணியை மடித்து மறைக்கப் பார்த்தேன். உலகம்மாள் என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். இவ்வளவு சின்ன உடம்புக்கு ரத்தம் ஏற்ற தன்னிடம் வசதி இல்லை என்று மறைக்காமல் சொன்னார். சூடாக வைத்திருங்கள் என்றார். உலகம்மாள் அதைக் கையை விட்டு இறக்கவில்லை. வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றினாள். சத்யபிரியா எதிரே நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் குட்டி ஒரு தடவை வாயைத் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

நான் துணியை நீட்டினேன். போன தடவைகள் போல அவசரமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் கொடுக்கவில்லை.

"இது ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த ஏழும் ஏன் போச்சுன்னு தெரியாமலே போச்சு. தெரியாததுக்கு என்ன வேணா பேரு வைக்கலாம். இது அப்படி இல்ல. நான் தொடாம நின்னதுல போச்சு. பிறந்த உடனே கையை நீட்டி எடுத்திருந்தா அந்த நாலோட சேந்து இதுவும் குடிச்சிட்டுக் கெடக்கும்."

"விடுட்டி" என்றேன்.

"விட மாட்டேன். என் கை என்ன விஷமா? கையை மடக்கிக்கிட்டு நின்னேனே, அதுதான் விஷம்."

பிறகுதான் அழுதாள். எட்டுக் குட்டிகளுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். சத்யபிரியா எழுந்து போய் அவளருகில் உட்கார முயன்றாள். அந்த வயிற்றோடு தரையில் உட்கார முடியவில்லை. உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாங்கிப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"லேபர் வார்டு வாசல்ல நான்தான் நிப்பேன்" என்றாள். "உங்க அத்தைட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

குட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். செத்த குட்டிக்காகவும் அழுகை வந்தது, என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைத்ததற்காகவும் அழுகை வந்தது. எதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனந்தவள்ளி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தத் தடவையுமா அண்ணாச்சி?" என்றாள்.

"ஒண்ணு. மீதி நாலு நல்லா இருக்கு" என்றேன்.

"நாலு இருக்கா?" என்றாள். அவளுக்கு அது ஏமாற்றமா ஆச்சரியமா என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்து சத்யபிரியாவுக்கு வலி எடுத்தது. பூனைக்கு அதற்குள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண நாள் குறித்தாகிவிட்டது. செங்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாள் தங்கத்தாய் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. அவர் மகனைப் போலவே எதையும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார். லேபர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்யபிரியா கத்துவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அப்புறம் ஒரு சின்னக் குரல் வீறிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

கதவு திறந்து நர்ஸ் வந்தாள். பச்சைத் துணியில் சுற்றிய பொதியை ஏந்தியிருந்தாள்.

"பொம்பளப் பிள்ளை. யாரு வாங்குதீங்க?"

சம்பந்தியம்மாளின் கை பாதி வரைக்கும் எழுந்து நின்றது. அவர் உலகம்மாளின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மதினி, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பூனைக்குட்டிங்க விஷயம் செங்கோட்டை வரைக்கும் பேசுதாங்க" என்றார்.

நான்கு பிழைத்ததைச் சொல், குரூப்பைச் சொல், டாக்டர் பெயரைச் சொல் என்று மனசுக்குள் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"உண்மைதான் மதினி" என்றாள் உலகம்மாள். "கடைசியாப் போச்சே ஒண்ணு, அது நான் கையை நீட்டப் பயந்ததால போச்சு."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் நடுங்குவது நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. சம்பந்தியம்மாளுக்கும் தெரிந்திருக்கும். அவர் தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். உலகம்மாளின் கைகள் நடுங்கிக்கொண்டே நீட்டியபடி நின்றன. நர்ஸ் பிள்ளையை அவற்றில் வைத்தாள்.